ஒன்பது நிற அட்டை

தாபோடி, புனே
செப்டம்பர் 18, வியாழக்கிழமை

அன்புள்ள வனஜாவுக்கு,

மகாதேவன் எழுதுவது. இங்கே மழை விட்டபாடில்லை, மற்றபடி குறையில்லை. உன் தங்கை சின்னம்மா கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டாளா? முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். அவள் கேட்டிருக்கமாட்டாள். மூன்று வாரம் என்று சொல்லிக் குடியாத்தம் போன நீ மூன்றாவது மாதமாக அங்கே இருக்கிறாய். அவளுக்கு இன்னும் துணை வேண்டியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "மாத்திரை போட்டீங்களா" என்கிறாய், நான் "போட்டேன்" என்கிறேன். "சாப்டீங்களா" என்கிறாய், "ஆச்சு" என்கிறேன். பேசவேண்டியதையெல்லாம் தாளில் குறித்துக்கொண்டுதான் உட்காருகிறேன். முதல் வரிக்கு வருவதற்குள் போன் சின்னம்மா கைக்குப் போய்விடுகிறது. தாளில் எழுதினால் நடுவில் யாரும் வாங்கிக்கொள்ள முடியாது அல்லவா.

உன் தையல் கடை தினமும் பத்து மணிக்குத் திறந்து ஏழு மணிக்கு மூடப்படுகிறது. புடவை ஓரம் அடிக்கும் பிக்கோ மிஷினில் உட்கார்ந்திருந்த அந்தோணியம்மாள் இப்போது வெட்டும் மேஜைக்கு வந்துவிட்டாள். "அக்கா வெட்டற மாதிரி வராது சார், ஆனா துணி பாழாவாது" என்கிறாள். ஆனால் வெட்டத் துணி வந்தால்தானே? இந்த மாதம் இதுவரை வந்தவர்கள் பதினொரு பேர். அதில் நான்கு பேர் புடவைக்கு ஃபால் வைக்க மட்டும் வந்தவர்கள். பித்ரு பட்சத்தில் புதுத் துணி யாரும் தைக்கக் கொடுக்கமாட்டார்கள் என்பது தெரியும். ஆனால் ஜூலையிலும் ஆகஸ்டிலும் இதே நிலைதான்.

இடத்துக்குச் சொந்தக்காரர் பன்சோடே காகா நேற்று வந்தார். பதினோரு மாத ஒப்பந்தம் அக்டோபர் 31-இல் முடிகிறது. ஒப்பந்தம் உன் பெயரில் இருப்பதால், புதுப்பிக்க உன் கட்டைவிரல் ரேகை வேண்டுமாம். மொபைல் கவர் விற்கிற ஒருவர் இடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். "அவசரமில்ல, வகினியைக் கேட்டுத் தீபாவளிக்கு முன்னால சொல்லுங்க" என்றார். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ கிளம்பிய அன்று ஆட்டோவில் ஏறும்போது சொன்னாயே: "கடைய என்ன பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நீங்கதான் ஏற்கெனவே சொல்லிட்டீங்களே." அந்த வாக்கியத்தை எழுபது எண்பது முறை நினைத்துப் பார்த்திருப்பேன். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே திரும்ப எழுத இன்று முடியவில்லை.

அதனால் முடிவு எடுப்பதற்குப் பதிலாக, வாடிக்கை ஏன் குறைந்தது என்று ஆராயலானேன். வேறு என்ன தெரியும் எனக்கு? தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் அதைத்தானே செய்தேன். ஒரு பொருள் அளவில் தவறினால் ஏன் தவறியது என்று காரணம் எழுதவேண்டும். மூன்று காரணம் எழுதினேன். குழாய் பதிக்க நம் சந்து முழுவதையும் தோண்டிப்போட்டது. போனிலேயே தைத்த ரவிக்கை வாங்கும் பழக்கம். நம் கடை இருப்பதே புதிய குடியிருப்புக்காரர்களுக்குத் தெரியாதது. முதல் இரண்டுக்கும் நான் ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவதற்கு முடியலாம் என்று தோன்றியது.

சிரிக்காதே. நோட்டீஸ் எழுதினேன். "இதன்மூலம் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவெனில்" என்று ஆரம்பித்திருந்தேன். அந்தோணியம்மாளுக்கு வாசித்துக் காட்டியபோது, "இது கடை நோட்டீஸா சார், கோர்ட்டு சம்மனா?" என்று கேட்டாள். அவள் சொல்லச் சொல்ல இந்தியிலும் மராத்தியிலும் நான்கே வரியாக்கி, மைதீனின் அச்சகத்தில் ஆயிரம் அடித்து, செய்தித்தாளுக்குள் வைத்துப் போட ஏற்பாடு செய்தேன். அன்று காலை ஆறு மணிக்கு எதிர்க் கட்டடத்துப் படிக்கட்டருகே போய் நின்றேன். ஒவ்வொருவரும் கதவைத் திறந்து செய்தித்தாளை எடுத்து ஓர் உதறு உதறினார்கள். நோட்டீஸ் கீழே விழுந்தது. உள்ளே போய்விட்டார்கள். நாற்பத்து மூன்று நோட்டீஸைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். ஒருவர் என்னைக் குப்பை எடுக்கிறவர் என்று நினைத்துத் தன் வீட்டுப் பையையும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். மறுக்கக் கூச்சமாக இருந்தது.

உதறினாலும் தூக்கிப்போட மனம் வராத ஒன்று வேண்டும் என்று அப்போதுதான் பட்டது. நவராத்திரிக்கு ஒன்பது நாளும் ஒன்பது நிறத்தில் இங்கே பெண்கள் உடுத்துகிறார்களே, பாங்க், பள்ளிக்கூடம், பஸ் என்று எங்கு பார்த்தாலும் ஒரே நிறமாக இருக்குமே, அந்தப் பட்டியலை ஓர் அட்டையில் அச்சிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒன்பது நாளாவது ஒட்டிவைப்பார்கள். பின்பக்கம் நம் கடை பெயரும் "ஃபால், பீடிங், பிக்கோ" என்ற வரியும். பட்டியலுக்கு அலையவேண்டியிருக்கவில்லை. உனக்காக நான் கத்தரித்துக் கோப்பில் வைத்திருந்த செய்தித்தாள் துண்டு இருந்தது. எழுத்துக்கு எழுத்து பார்த்து நகலெடுத்து, தேதிகளை மட்டும் மாற்றினேன். மைதீன், "ஒருக்க யார்ட்டயாவது கேட்டுட்டு அடிப்பமா சார்?" என்றார். முப்பத்து நான்கு வருடம் பிறர் வேலையைச் சரிபார்த்தவன் நான் என்று சொல்லிவிட்டேன். நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை; அன்று எப்படியோ வந்துவிட்டது.

ஐந்நூறு அட்டை. அறுபதை அந்தோணியம்மாளின் மகள் ஜெனிபர் மகர்பட்டாவில் தன் ஆபீசுக்கு எடுத்துப் போனாள். நான் நான்கு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குக் கொடுத்தேன். கொடுத்தேன் என்றால், மணி அடிக்கவில்லை. கதவுக் கம்பியில் செருகிவிட்டு வந்தேன். முன்பின் தெரியாத பெண்களிடம் ஒரு கிழவன் நின்று ரவிக்கை தைப்பதைப் பற்றி எப்படிப் பேசுவது? வீட்டு எண், தேதி எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. பெரிய குடியிருப்பு ஒன்றின் காவலாளி மட்டும், சேல்ஸ்மேனுக்கு அனுமதியில்லை என்று கையைக் காட்டினார். அட்டைகளை அவர் மேஜையிலேயே வீட்டு எண் எழுதி அடுக்கிவிட்டு வந்தேன். என்னை ஒருவர் சேல்ஸ்மேன் என்று சொன்னது இதுவே முதல் தடவை.

ஒரு சந்தேகம். பழைய வாடிக்கைக்காரர்களின் முகவரிக்காக உன் அளவு நோட்டைத் திறந்தேன். மன்னிக்கவும், கேட்காமல் திறந்தது தவறு. சில இடங்களில் "இ.தோ. அரை" என்றும், "உள்ளே இரண்டு விரல் விடு, கேட்காதே" என்றும் எழுதியிருக்கிறாய். இதற்கெல்லாம் விளக்கம் எழுது.

மாத்திரை தவறாமல் போடுகிறேன்.

உன் சௌகரியத்தையே நினைத்திருக்கும்,
மகாதேவன்


தாபோடி
செப்டம்பர் 22, திங்கட்கிழமை மாலை

அன்புள்ள வனஜாவுக்கு,

முந்தைய கடிதம் கிடைத்திருக்காது. அதற்குள் இதை எழுதவேண்டியதாகிவிட்டது.

இன்று நவராத்திரி முதல் நாள். என் அட்டையில் இன்றைக்கு மஞ்சள். ஊரெல்லாம் வெள்ளை.

காலை பத்தேகாலுக்கு ஜெனிபர் போன் செய்தாள். அவளுடைய தமிழ் உனக்குத் தெரியுமே. "அங்கிள், இங்க ஃபுல் ஆபீஸ் ஒயிட்ல இருக்கு. நாங்க ஏழு பேரு மட்டும் நிம்பு மாதிரி நிக்குறோம்!" என்றாள். எலுமிச்சம்பழம் போல நிற்கிறார்களாம். எனக்கு முதலில் புரியவில்லை. கோப்பை எடுத்து அந்தச் செய்தித்தாள் துண்டைப் பார்த்தேன். மூலையில் தேதி இருந்தது. போன வருடத்தது. நிறங்கள் கிழமையைப் பொறுத்து வருடாவருடம் மாறும் என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்குக்கூடத் தெரியும். போன வருடம் வியாழக்கிழமை தொடங்கியது, மஞ்சள். இந்த வருடம் திங்கள், வெள்ளை. இங்கே நாற்பத்தாறு வருடமாக இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

மத்தியானத்துக்குள் மூன்று பெண்கள் கடைக்கு வந்தார்கள். ஒருவர் பாங்கில் வேலை செய்கிறவர்; அவரும் மஞ்சளில் இருந்தார். திட்டவில்லை. "காகா, இன்னிக்கு என்னை எல்லாரும் போட்டோ எடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு அட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை. பெரும்பாலானவர்கள் போனில் பார்த்துச் சரியாகவே உடுத்தியிருப்பார்கள், என் அட்டையை நம்பியவர்கள் கொஞ்சம் பேராகத்தான் இருக்கும் என்று அந்தோணியம்மாள் ஆறுதல் சொன்னாள். நம்பியவர்களுக்குத்தானே கெடுதல் ஆயிற்று என்றேன்.

ஒன்பது நாளும் தவறு, வனஜா. ஒன்றுகூடச் சரியில்லை. கடை பெயர், அதாவது உன் பெயர், ஒவ்வோர் அட்டையின் பின்னாலும் இருக்கிறது.

கடையைப் பத்து நாள் பூட்டிவைத்துவிடலாம் என்று சாவியை எடுத்தேன். அந்தோணியம்மாள் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஜாக்கெட்டு ஒருத்தருக்குப் பிடிக்கலன்னா அக்கா என்ன பண்ணுவாங்க தெரியுமா சார்? அவங்க கொண்டுவரட்டும்னு உக்காந்திருக்க மாட்டாங்க. சாயங்காலம் அவங்க வூட்டுக்கே போயி, குடுங்க, என் தப்புன்னு வாங்கிட்டு வருவாங்க" என்றாள்.

எனக்கு இது தெரியாது. சாயங்காலங்களில் நீ காய்கறி வாங்கப் போவதாகவே நினைத்திருந்தேன்.

மைதீன் திருத்தச் சீட்டு அடித்துக் கொடுத்திருக்கிறார், நானூற்றுப் பன்னிரண்டு. "இதுக்குச் சொல்லவேண்டிய வார்த்தையெல்லாம் உங்களுக்கே தெரியும், நான் என்னத்தச் சொல்ல" என்று மட்டும் சொன்னார். சரியான பட்டியலை ஜெனிபரிடமும் பாங்குப் பெண்ணிடமும் தனித்தனியே கேட்டு ஒப்பிட்டுக்கொண்டேன்.

இந்தத் தடவை கதவுக் கம்பியில் செருக முடியாது. சீட்டைப் பழைய அட்டையின்மேல் ஒட்டச் சொல்லவேண்டும். தவறு என்னுடையது என்றும் சொல்லவேண்டும். மணி அடிக்கவேண்டும். போவேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

மகாதேவன்


தாபோடி
அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வனஜாவுக்கு,

தசரா முடிந்தது. ஆயுத பூஜைக்கு இரண்டு மிஷினுக்கும் குங்குமம் வைத்தேன். பூ நீ வைக்கும் இடத்தில்தான் வைத்தேன் என்று நம்புகிறேன். இரண்டு கடிதமும் வந்து சேர்ந்ததாகச் சின்னம்மா போனில் சொன்னாள். படித்தாயா என்று அவளிடம் கேட்கவில்லை.

போனேன். செவ்வாய் காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் முடித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு வாசல். பூட்டியிருந்த வீடுகளுக்கு இரண்டாம் முறை, சிலவற்றுக்கு மூன்றாம் முறை.

முதல் வீட்டில் மணியை அடித்துவிட்டு, யாரும் திறக்கக் கூடாதே என்று நின்றேன். ஒரு பெண் திறந்தார். என் வாயில் "மாஃப் கரா" என்ற இரண்டு சொல்தான் வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றதும் அவர் பயந்துவிட்டார். அவர் கணவர் உள்ளிருந்து ஓடி வந்தார். சீட்டைக் காட்டினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். இதுக்காகவா படியேறி வந்தீங்க என்று கேட்டு, தண்ணீர் கொடுத்தார்கள். என்னைச் சேல்ஸ்மேன் என்ற காவலாளியிடம் இந்த முறை விஷயத்தைச் சொன்னேன். அவர் வாசல் பதிவேட்டில் "வந்த காரணம்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, "தப்பைத் திருத்த" என்று இந்தியில் எழுதி என்னை உள்ளே விட்டார்.

இப்படிச் செய்தால் கடை பிழைக்கும் என்று கணக்குப் போட்டு நான் போகவில்லை. தவறான அளவுள்ள பொருள் வெளியே போய்விட்டால் திரும்ப அழைக்கவேண்டும். அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. ஆனால் சீட்டை வாங்கிக்கொண்ட பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். யார் தைக்கிறது? எப்படித் தைப்பாங்க?

முதலில் "என் மனைவி தைப்பாள்" என்றேன். ஐந்தாறு வீடு போன பிறகு "நன்றாகத் தைப்பாள்" என்றேன். எப்படி நன்றாக என்று ஒரு பாட்டி விடாமல் கேட்டார். சாயங்காலம் வந்து சொல்கிறேன் என்றேன். அன்று மத்தியானம் உன் நோட்டை எடுத்துக்கொண்டு அந்தோணியம்மாளிடம் உட்கார்ந்தேன். "இ.தோ. அரை" என்றால் இடது தோள் அரை அங்குலம் தாழ்வு, அந்தப் பக்கத்தைத் தனியாக வெட்டுவாய், ஆனால் உங்கள் தோள் சாய்ந்திருக்கிறது என்று ஒருவரிடமும் சொன்னதில்லையாம். "உள்ளே இரண்டு விரல் விடு, கேட்காதே" என்றால், அந்தப் பெண் உண்டாகியிருக்கலாம், இன்னும் வெளியே சொல்லவில்லை; பிறகு பிரித்துக்கொள்ளத் துணி உள்ளே மடித்துவைக்கவேண்டும். ஒரு பக்கத்தில் "இந்த வருடம் கலர் காட்டாதே" என்றிருந்தது. அவர் கணவர் போன வருடம்...

தொழிற்சாலையில் எனக்கு இரண்டு அளவுகோல் இருந்தன. ஒன்றில் நுழைந்தால் ஏற்பு. மற்றதில் நுழைந்தால் கழிவு. முப்பத்து நான்கு வருடம் எதையும் அப்படித்தான் பார்த்தேன். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை போலிருக்கிறது. நீ ஒவ்வோர் உடம்புக்கும் ஒரு புதிய அளவுகோல் செய்கிறாய். இதைச் சாயங்காலம் அந்தப் பாட்டி வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு போன எல்லா வீட்டிலும் சொன்னேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. நூறு வீடு தாண்டியதும் என் மராத்தி நிற்காமல் வந்தது. மூன்றாம் நாள் ஒரு பெண், "காகா, உங்க வீட்டம்மா கொடுத்துவச்சவங்க, இப்படிச் சொல்ற புருஷன் யாருக்குக் கிடைக்கும்" என்றார். நான் அடுத்த வாசலுக்குப் போகாமல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எழுதவேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை, நம் சந்துக்குப் பின்சந்தில், முன்னூற்று எண்பதாவது வீட்டுக்கு மேல் இருக்கும். கதவைத் திறந்தவர் இளம்பெண். சீட்டை வாங்கிக்கொண்டு, கடையின் பெயரைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இந்தக் கடையில தைக்கிற ஆண்ட்டிக்கு இப்ப கண்ணு தெரியறதில்லையாமே? துணி வீணாப்போயிடும்னு எல்லாரும் சொல்றாங்களே." யார் சொன்னார்கள் என்றேன். "எல்லாருக்கும் தெரியும் காகா. அந்த ஆண்ட்டியோட புருஷனே கடையில வச்சுச் சொன்னாராம்."

நான் மூன்று காரணம் எழுதினேன். குழாய், போன், புதிய குடியிருப்பு. நான்காவது காரணத்தின் பெயர் மகாதேவன்.

ஜூன் கடைசியில் நிம்கர் டீச்சர் வந்து, ரவிக்கை கை ஏறவில்லை என்று சத்தம் போட்டார். கடையில் வேறு இரண்டு பெண்கள் இருந்தார்கள். நீ பதில் பேசாமல் துணியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குச் சத்தம் என்றாலே ஆகாது, அது எப்படியாவது அடங்கவேண்டும் என்று மூலையிலிருந்து சொன்னேன்: "இவளுக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல. கடைய மூடிடலாம்னு நான் எப்பவோ சொல்லிட்டேன்." அவர்களுக்கெல்லாம் புரியட்டும் என்று இந்தியில் வேறு சொன்னேன். நீ டேப்பைச் சுருட்டி டிராயரில் வைத்தாய். அடுத்த வாரம் சின்னம்மாவின் முழங்காலுக்குத் துணையாகக் கிளம்பினாய்.

நோட்டீஸ் ஆயிரம் அடித்தேன்; படிக்கட்டில் கிடந்தது. நான் வாயால் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் ஒருவரும் உதறிப்போடவில்லை. மூன்று மாதமாக வீடு வீடாகப் போயிருக்கிறது.

அந்த இளம்பெண்ணிடம், அந்தப் புருஷன் நான்தான் என்றேன். நான் சொன்னது தவறு, அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும், எனக்குத்தான் வாய் சரியில்லை என்றேன். அவர் சீட்டைத் திரும்ப ஒருமுறை படித்தார். உள்ளே போய் ஒரு புடவையும் அதன் துண்டுத் துணியும் கொண்டுவந்து கொடுத்தார். தீபாவளிக்கு வேண்டுமாம்.

நேரே நிம்கர் டீச்சர் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "நானே வரணும்னு இருந்தேன் காகா, வெட்கமாப் போச்சு. அளவுக்குக் கொடுத்தது என் ரவிக்கையே இல்ல, என் அக்காவோடது. ஒரே பீரோவுல இருந்தது. ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது."  இரண்டு குற்றவாளிகள் டீ குடித்தோம் என்று வைத்துக்கொள்.

கடைக்குத் திரும்பி உன் நோட்டில் டீச்சர் துணி கொடுத்த நாளைப் பார்த்தேன். உன் கையெழுத்தில் இருக்கிறது: "நிம்கர் டீச்சர். அளவு ரவிக்கை சிறிது. சந்தேகம். கேட்டேன். இதுதான் என்றார்கள்." உனக்குத் தெரிந்திருக்கிறது. உன் கண் முதலிலேயே பார்த்திருக்கிறது. அன்று அந்த நோட்டைத் திறந்து காட்டியிருந்தால் டீச்சர் வாய் அடைத்திருக்கும், என் வாயும் அடைத்திருக்கும். நாலு பேர் முன்னால் ஒரு வாடிக்கைக்காரரைத் தலைகுனிய வைக்கவேண்டாம் என்று இருந்துவிட்டாய். என்னிடமாவது வீட்டில் சொல்லியிருக்கலாமே என்று முதலில் தோன்றியது. நான் கேட்டேனா என்று பிறகு தோன்றியது.

இப்போது கடை நிலவரம். நிம்கர் டீச்சர் தன் பள்ளிக்கூடத்திலிருந்து எட்டுப் பேரை அழைத்து வந்தார். எல்லோர் முன்னாலும் அக்காவின் ரவிக்கைக் கதையைத் தானே சொன்னார். ஜெனிபரின் ஏழு எலுமிச்சம்பழங்களில் ஐந்து பேர் துணி கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். முதல் நாள் அவர்கள் எடுத்துக்கொண்ட படத்தை ஆபீசில் ஒட்டியிருக்கிறார்களாம். அடுத்த வருட அட்டையையும் நானே அடிக்கவேண்டுமாம், தப்பாகவே. பாங்குப் பெண்ணும் வந்தார். மொத்தம் முப்பத்தெட்டு ரவிக்கை. அந்தோணியம்மாளால் தீபாவளிக்குள் பாதிதான் முடியும். மீதிப் பேரிடம், வேறு இடத்தில் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று உண்மையைச் சொன்னேன். அவர்களோ, நோட்டில் இருக்கும் கையெழுத்துக்காரர் வந்து வெட்டட்டும், காத்திருக்கிறோம் என்கிறார்கள். வருவாள் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. துணிகளைப் பெயர் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். உன் டேப் டிராயரில் நீ சுருட்டிவைத்தபடியே இருக்கிறது.

கட்டைவிரல் ரேகை எடுக்கும் ஏஜெண்டைப் பன்சோடே காகா பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விடுவார். உனக்கு விருப்பமில்லையென்றால் கடையை நானே ஒழுங்காக மூடுகிறேன். துணிகளை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்து, மூடுவதற்குக் காரணம் உன் கண் அல்ல என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டு மூடுகிறேன். இந்தத் தடவை முடிவு உன்னுடையது. நான் ஏற்கெனவே ஒன்றும் சொல்லிவிடவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். இத்தனை வாசலில் நின்ற பிறகு போனில் சொல்வது முறையில்லை என்று படுகிறது. ஒன்பதாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். சென்னை வந்து, அங்கிருந்து குடியாத்தம். சனிக்கிழமை காலை சின்னம்மா வீட்டு மணியை அடிப்பேன். அவள் படியிறங்கி வரவேண்டாம். நீ திறந்தால் போதும். என்ன சொல்வதென்று தாளில் குறித்துக்கொள்ளப்போவதில்லை. நான்கு நாளில் பாடமாகிவிட்டது.

திரும்பி வர இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன். ஒன்றை ரத்து செய்ய முடியும், விசாரித்துக்கொண்டேன்.

பதிவேட்டில் நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் நேராகத் தேதியும் சரி அடையாளமும் போட்டாகிவிட்டது. நேற்று அதன் கீழே கோடு இழுத்து முடிக்கப் போனேன். முடிக்காமல் நானூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டு, குடியாத்தம் முகவரியை எழுதினேன். அதற்கு நேரான கட்டம் காலியாக இருக்கிறது. பதிவேட்டையும் பேனாவையும் எடுத்து வருகிறேன்; அந்தக் கட்டத்தை நீதான் நிரப்பவேண்டும்.

நீயும் சின்னம்மாவும் நலமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
மகாதேவன்